நீங்கள் தூங்கும்போது உங்கள் 'பாட்' என்ன செய்கிறது? தானியங்கி வர்த்தகமும் கண்காணிப்பும்

இரவு மணி 9.30.

சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு. நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகணும். ஆனால் நியூயார்க்கில் பங்குச் சந்தை இப்போதுதான் திறக்கிறது. அங்கே குளிர்காலம் என்றால் நமக்கு இரவு 10.30.

அமெரிக்கப் பங்குகளில் ஆர்வம் உள்ள சிங்கப்பூர் இளையர்களுக்கு இது பழகிய சிக்கல். விடிய விடியத் திரை முன்னால் உட்கார முடியாது. அதனால் சிலர் 'பாட்' எழுதுகிறார்கள். விலை இவ்வளவு இறங்கினால் வாங்கு, இவ்வளவு ஏறினால் விற்றுவிடு என்று கணினிக்குச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

பைதான் கொஞ்சம் தெரிந்தால் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஒரே மாலையில் கோட் தயார்.

வாங்கவும் விற்கவும் சொல்லும் கோட் எழுதுவது சுலபம். வாங்கிய பிறகு கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கோட்? அதைப் பலர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டதால் ஓர் அமெரிக்க நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 460 மில்லியன் டாலருக்கு மேல் இழந்தது.

'ஓப்பன் பொசிஷன்' என்றால் என்ன?

ஒரு பங்கை வாங்கிவிட்டீர்கள், இன்னும் விற்கவில்லை. அதுதான் ஓப்பன் பொசிஷன். கணக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள். விலை ஏறினால் லாபம், இறங்கினால் நட்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி முதலில் விற்பது, பிறகு விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது. இதை 'ஷார்ட்' என்பார்கள். 50 டாலருக்கு 100 பங்குகளை ஷார்ட் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 80 டாலருக்கு ஏறினால் உங்கள் நட்டம் 3,000 டாலர். விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. அதனால் நட்டத்துக்கும் உச்சவரம்பு இல்லை.

பாட் ஓடும்போது இந்தப் பொசிஷன்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அவற்றைக் கண்காணிப்பது தனி வேலை.

2012: யாரும் படிக்காத 97 மின்னஞ்சல்கள்

நைட் கேப்பிட்டல். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தைகளின் மிகப் பெரிய வர்த்தக நிறுவனங்களில் ஒன்று.

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நைட் தன் மென்பொருளை மாற்றியது. புதிய கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். 7இல் ஏற்றினார்கள். எட்டாவது விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் பழைய கோட் ஒன்று இன்னும் இருந்தது. அதன் பெயர் 'பவர் பெக்'. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அழிக்கவில்லை. புதிய கோடை இயக்கப் பயன்படுத்திய அடையாளக் குறியும், முன்பு பவர் பெக்கை இயக்கிய குறியும் ஒன்றே. ஏழு சர்வர்களில் புதிய கோட் ஓடியது. எட்டாவதில் பழைய பூதம் எழுந்துவிட்டது.

பவர் பெக்கில் ஒரு காலத்தில் பாதுகாப்பு இருந்தது. வாடிக்கையாளர் கேட்ட எண்ணிக்கை எட்டியதா என்று எண்ணிப் பார்த்து, எட்டியதும் நிறுத்திக்கொள்ளும். 2005இல் அந்த எண்ணும் பகுதியைக் கோடில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கவில்லை. விளைவு? எவ்வளவு வாங்கியாச்சு என்றே தெரியாமல் அது ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது.

வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆர்டர்கள் 212. நடந்த பரிவர்த்தனைகள் 4 மில்லியன். 154 நிறுவனங்களின் 397 மில்லியனுக்கும் அதிகமான பங்குகள் கைமாறின.

அன்று சந்தை திறக்கும் முன்பே அறிகுறி தெரிந்தது. காலை 8 மணியிலிருந்து நைட்டின் கணினி அமைப்பு ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்களை அனுப்பியது. பவர் பெக் பெயரும் அவற்றில் இருந்தது. ஆனால் அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அதனால் வந்தபோது யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை.

திரை இருந்தது. வாய் இல்லை.

நைட்டிடம் கண்காணிப்பு இல்லையா? இருந்தது. பொசிஷன்களைக் காட்டும் ஒரு திரை இருந்தது. சந்தை திறந்ததும் பொசிஷன்கள் மளமளவென்று குவிவதை மூத்த அதிகாரிகள் அதில் பார்த்தார்கள்.

பிரச்சினை வேறு. அமெரிக்கப் பங்கு, பரிவர்த்தனை ஆணையம் பிறகு நடத்திய விசாரணையில் மூன்று விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது: அந்தத் திரை தானாக எச்சரிக்காது. மனிதர் பார்த்தால்தான் உண்டு.

இரண்டாவது: எந்தக் கணக்குக்கு எவ்வளவு வரம்பு என்பதை அது காட்டாது. பார்ப்பவர் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பங்குகள் குவிந்த கணக்குக்கு 2 மில்லியன் டாலர் வரம்பு இருந்தது. ஆனால் வரம்பைத் தாண்டினால் ஆர்டரை நிறுத்தும் கருவி எதனோடும் அந்தக் கணக்கு இணைக்கப்படவில்லை. அது வெறும் எண்.

மூன்றாவது: பரிவர்த்தனைகள் மிக அதிகமாகும்போது திரையே தாமதமாகும். தேவைப்பட்ட நேரத்தில் அது தவறான எண்ணிக்கையைக் காட்டியது.

அவசரத்தில் இன்னொரு தவறும் நடந்தது. புதிய கோட்தான் காரணம் என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அங்கேயும் பழைய பவர் பெக் எழுந்துவிட்டது. நிலைமை மேலும் மோசமானது.

கடைசியில் 80 நிறுவனப் பங்குகளில் சுமார் 3.5 பில்லியன் டாலருக்கு வாங்கிய நிலை. இன்னொரு 74 நிறுவனப் பங்குகளில் சுமார் 3.15 பில்லியன் டாலருக்கு ஷார்ட்.

சில நாள்களில் வேறு நிறுவனங்கள் 400 மில்லியன் டாலர் போட்டு நைட்டைக் காப்பாற்றின. அடுத்த ஆண்டு அது இன்னொரு நிறுவனத்துடன் இணைந்தது. 2013 அக்டோபரில் 12 மில்லியன் டாலர் அபராதமும் வந்தது.

2022: எச்சரிக்கை கூடிப்போனால்?

நைட்டில் எச்சரிக்கை இல்லை. லண்டனில் சிட்டி குழுமத்தில் எச்சரிக்கை அதிகம்.

2022 மே 2. பிரிட்டனில் பொது விடுமுறை. 58 மில்லியன் டாலருக்குப் பங்குத் தொகுப்பு ஒன்றை விற்க நினைத்த ஊழியர், தவறுதலாக 444 பில்லியன் டாலருக்கு விற்கச் சொல்லிவிட்டார். கணினி அதில் 255 பில்லியன் டாலர் பகுதியைத் தடுத்தது. மீதி 189 பில்லியன் டாலர், பங்குகளைச் சிறிது சிறிதாக விற்கும் தானியங்கி நிரலுக்குப் போய்விட்டது. அவர் ரத்து செய்வதற்குள் 1.4 பில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகள் விற்றுப்போயின. ஐரோப்பியச் சந்தைகள் சிறிது நேரம் ஆட்டம் கண்டன.

கணினி அவரை எச்சரித்ததா? எச்சரித்தது. ஒரே பெட்டியில் 711 எச்சரிக்கைகள். திரையில் தெரிந்தவை முதல் 18 வரிகள் மட்டுமே. எல்லாவற்றையும் படிக்காமலே 'சரி' என்று தட்டிவிட முடிந்தது.

2024இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மொத்தம் 61.6 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தார்கள். உடனுக்குடன் கண்காணிப்பதில் இருந்த குறைகளையும் சுட்டினார்கள்.

2020: விலையே தப்பாகத் தெரிந்தால்?

2020 ஏப்ரல் 20. கோவிட் முடக்கத்தால் எண்ணெயை வாங்க ஆளில்லை. அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சிங்கப்பூரில் அப்போது 21ஆம் தேதி பின்னிரவு 2.30 மணி.

விலை மைனஸில் போகும் என்று பல மென்பொருள்கள் எதிர்பார்க்கவில்லை. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற பெரிய தரகு நிறுவனத்தின் மென்பொருளும் அவற்றில் ஒன்று. வாடிக்கையாளர்கள் திரையில் விலை சரியாகத் தெரியவில்லை. மைனஸ் விலையில் ஆர்டர் போடவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 1.75 மில்லியன் டாலர் அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கு 80 மில்லியன் டாலருக்கும் மேல் இழப்பீடு.

பாடம்: கண்காணிக்கும் கோட், தனக்கு வரும் எண்ணையும் சந்தேகப்பட வேண்டும்.

அப்போ, நல்ல கண்காணிப்புக் கோட் என்ன செய்யணும்?

உங்கள் கணக்கில் சில ஆயிரம் வெள்ளிதான் இருக்கலாம். விதிகள் மட்டும் மாறாது.

1. பாட்டின் ஞாபகத்தை நம்பாதீர்கள், தரகு நிறுவனத்தைக் கேளுங்கள்

50 டாலருக்கு 100 பங்குகள் வாங்கச் சொல்லி பாட் ஆர்டர் அனுப்புகிறது. பதில் வருவதற்குள் இணையம் துண்டிக்கிறது. "ஆர்டர் போகலை போல" என்று நினைத்து பாட் மறுபடி அனுப்புகிறது. உண்மையில் இரண்டுமே போய்ச் சேர்ந்துவிட்டன. பாட் கணக்கில் 100 பங்குகள், 5,000 டாலர். உண்மையில் 200 பங்குகள், 10,000 டாலர்.

இன்னொன்றும் நடக்கலாம். 100 கேட்டு 60 மட்டும் கிடைக்கலாம்.

அதனால் கண்காணிப்புக் கோட் குறிப்பிட்ட இடைவெளியில் தரகு நிறுவனத்திடம் "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டு, பாட் வைத்திருக்கும் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் புதிய ஆர்டர் போடக் கூடாது. ஒவ்வோர் ஆர்டருக்கும் நீங்களே ஓர் அடையாள எண் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால், மறுபடி அனுப்பும் முன்பு அந்த எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

2. நிகரத் தொகை ஏமாற்றும்

நைட்டின் கணக்கை மறுபடி பாருங்கள். வாங்கியது 3.5 பில்லியன், ஷார்ட் 3.15 பில்லியன். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 0.35 பில்லியன் மட்டுமே. ஆனால் இரண்டையும் கூட்டினால் 6.65 பில்லியன் டாலர்! இரண்டு பக்கமும் தனித்தனியாக நட்டம் தரலாம். கோட் நிகரத்தையும் மொத்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்னும் நிறைவேறாமல் காத்திருக்கும் ஆர்டர்களையும் சேர்க்க வேண்டும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறினால் தாங்குமா?

3. வரம்பு கோடில் இருக்கணும், தலையில் இல்லை

ஒரு பங்கில் அதிகபட்சம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, ஒரு நாளில் எவ்வளவு நட்டம் வரை, ஒரு நிமிடத்தில் எத்தனை ஆர்டர் வரை. இந்த நான்கையும் எழுதி வைக்க வேண்டும். தாண்டினால் கோட் தானாக நிறுத்த வேண்டும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. 'இன்றைய நட்டம்' என்பதை உங்கள் கணினி நம் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குப் பூஜ்யமாக்கினால்? அமெரிக்கச் சந்தை அப்போது பாதி வழியில் இருக்கும். 200 டாலர் வரம்பை 12 மணிக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை என்று பாட் இரண்டு தடவை தொடலாம். ஒரே இரவில் 400 டாலர் போய்விடும். நாள் எப்போது தொடங்குகிறது என்பதை நியூயார்க் நேரப்படி வையுங்கள்.

4. மௌனமும் ஓர் எச்சரிக்கைதான்

எச்சரிக்கை வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று நினைப்போம். கண்காணிப்புக் கோடே செத்துப்போயிருந்தால்?

பாட்டையும் கண்காணிப்பையும் ஒரே கணினியில், ஒரே நிரலில் வைக்காதீர்கள். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். கண்காணிப்புக் கோட் வேறு இடத்தில் ஓடட்டும். "உயிரோடு இருக்கிறேன்" என்று பாட் நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குச் சொல்லட்டும். சொல்லவில்லை என்றால் உங்கள் கைத்தொலைபேசி ஒலிக்கட்டும். வரும் விலையின் நேர முத்திரையையும் பார்க்க வேண்டும். சந்தை திறந்திருக்கும்போது ஐந்து நிமிடமாக ஒரே விலை என்றால், சந்தை அமைதியாக இருப்பதாக அர்த்தமில்லை. தகவல் வருவது நின்றிருக்கலாம்.

5. எழுப்பினால் காரணம் இருக்கணும்

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் டெலிகிராமில் செய்தி வந்தால், மூன்றாவது நாளே ஒலியை அணைத்துவிடுவீர்கள். 711 எச்சரிக்கைகளின் கதி அதுதான். இரண்டு அடுக்கு போதும். காலையில் படிக்க ஒரு சுருக்கம். தூக்கத்திலிருந்து எழுப்ப, நீங்கள் உடனே ஏதாவது செய்ய வேண்டிய விஷயங்கள் மட்டும்.

6. 'கில் சுவிட்ச்' என்ன செய்யும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தான் இது. இதற்கு மூன்று படிகள். புதிய ஆர்டர்களை நிறுத்துவது. காத்திருக்கும் ஆர்டர்களை ரத்து செய்வது. இருக்கும் பொசிஷன்களை என்ன செய்வது?

மூன்றாவதுதான் சிக்கல். "எல்லாத்தையும் வித்துடு" என்று கோடுக்குச் சொல்வது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் பொசிஷன் எண்ணிக்கையே தவறாக இருந்தால்? 100 பங்குகள்தான் இருக்கின்றன, கோட் 200 என்று நினைத்து விற்கிறது. பிரச்சினை தீராது. 100 பங்குகள் ஷார்ட் ஆகிவிடும், அவ்வளவுதான். முதல் இரண்டு படிகளைக் கோடே செய்யட்டும். மூன்றாவதை, எண்ணிக்கை தரகு நிறுவனத்தோடு ஒத்துப்போனால் மட்டும் செய்யட்டும். இல்லையென்றால் உங்களை எழுப்பட்டும்.

நைட் நிறுவனத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். தீ பிடித்த பிறகு யோசித்ததால், எரியாத ஏழு அறைகளிலும் தீ வைத்தார்கள்.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேனே, போதாதா?"

'இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு' என்று முன்பே சொல்லி வைப்பது ஸ்டாப் லாஸ். கட்டாயம் போடலாம். ஆனால் 50 டாலரில் முடிந்த பங்கு, மறுநாள் கெட்ட செய்தியோடு 40 டாலரில் திறந்தால், 48இல் போட்ட ஸ்டாப் 40க்குப் பக்கத்தில்தான் விற்கும். தவறான எண்ணிக்கையையோ இரட்டை ஆர்டரையோ அது கண்டுபிடிக்காது. கண்காணிப்புக்கு அது துணை. மாற்று அல்ல.

சிங்கப்பூரில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் 2014 முதல் தற்காலிகத் தடுப்பு முறை உண்டு. குறிப்பிட்ட பங்குகளின் விலை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ முயன்றால், 5 நிமிடங்களுக்கு அந்த வரம்புக்குள்தான் வர்த்தகம் நடக்கும். அது சந்தையைப் பாதுகாக்கும். உங்கள் கணக்கைப் பாதுகாக்காது.

நிதி நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்ப அபாயங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டிகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் படுக்கையறை மடிக்கணினியில் ஓடும் கோடைச் சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள். அங்கே நீங்கள்தான் பொறியாளர், நீங்கள்தான் மேற்பார்வையாளர்.

"நாங்களே பாட் தருகிறோம், மாதம் இவ்வளவு லாபம் உறுதி" என்று யாராவது சொன்னால்? உறுதியான லாபம் என்ற வார்த்தையே எச்சரிக்கை. நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைக்கலாம். உங்கள் வர்த்தகக் கணக்கின் ஏபிஐ சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். சொந்தப் பாட்டுக்கே கூட, பணத்தை வெளியே எடுக்கும் அனுமதியை அணைத்து வையுங்கள்.

இன்றிரவே ஒரு சோதனை

பல தரகு நிறுவனங்கள் உண்மைப் பணம் இல்லாமல் பழகிப் பார்க்கும் மாதிரிக் கணக்கு தருகின்றன. அதில் பாட்டை ஓடவிடுங்கள். நடுவில் வேண்டுமென்றே வைஃபையை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையம் போனது உங்களுக்குத் தெரிய வந்ததா? திரும்பி வந்ததும் பாட் முதலில் பொசிஷனைச் சரிபார்த்ததா, இல்லை நேராக ஆர்டர் போட்டதா? கில் சுவிட்சை அழுத்தினால் உண்மையிலேயே நிற்கிறதா?

மூன்றில் ஒன்றுக்கு "தெரியலையே" என்பது பதில் என்றால், உண்மைப் பணத்தை இன்னும் போடாதீர்கள். எப்போது வாங்க வேண்டும் என்று சொல்லும் கோடை இன்னும் அழகாக்குவதில் செலவழிக்கும் நேரத்தை, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் கோடுக்குக் கொடுங்கள்.

அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.